கேட்டாத்தானே சொல்லும்! - மருந்துக் கசடும் கணினி ஜோசியமும்

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ கையில வச்சுக்கிட்டு ஒக்காருங்க. முடிஞ்சா ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு நூறு கிராமும் பக்கத்துல வச்சுக்கோங்க. பால்கோவாவுக்கு இந்தப் பதிவுல நிஜமாவே வேலை இருக்கு :-)

மேட்டர் இதுதான். ஒரு மாத்திரையில மருந்தோட சேர்ந்து துளியூண்டு கசடு வந்துடும். அந்தக் கசடு நம்ம மரபணுவுல பிறழ்வை உண்டாக்குமா, உண்டாக்காதான்னு இப்போ கம்ப்யூட்டரே சொல்லுது. எலி வேண்டாம், பாக்டீரியா வேண்டாம். கசடோட மூலக்கூறுப் படத்தை வரைஞ்சு உள்ளே கொடுத்தா கொஞ்ச நேரத்துல பதில் வந்து விழும். அந்தப் பதிலை அமெரிக்க, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டுக்காரங்க ஏத்துக்கவும் செய்றாங்க.

இதை எங்கயாவது பேச ஆரம்பிச்சா உடனே ரெண்டு கட்சி கிளம்பிடும். முதல் கட்சி நம்ம பொட்டி தட்டுற மக்கள். "அதான் ஏ.ஐ. வந்தாச்சுல்ல, இனிமே லேப் எதுக்கு, ஆள் எதுக்கு, எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்"னு ஒரே போடா போடுவாங்க. ரெண்டாவது கட்சி நம்ம பெரிசுங்க. "உசுரு சமாச்சாரத்தைப் பொட்டிகிட்ட விட்டுட்டு இவனுக என்ன செய்றானுக? கிளி ஜோசியமா?"னு கேப்பாங்க.

என்னைக் கேட்டா ரெண்டு கட்சியும் தப்பான இடத்துல சண்டை போட்டுக்கிட்டு இருக்கு. பொட்டி சொல்ற பதில் சரியா தப்பாங்கிறது ரெண்டாவது கேள்வி. அந்தப் பொட்டிகிட்ட யாரு, எதைப் பத்திக் கேட்டாங்கங்கிறதுதான் முதல் கேள்வி. அதை விளக்கத்தான் இந்தப் பதிவு.

போடாத சாமான்

இப்ப பால்கோவாவை எடுத்துக்கோங்க. 2019-ல புவிசார் குறியீடு வாங்கின அயிட்டம். உள்ளே போடுறது என்ன? பாலும் சர்க்கரையும். அவ்வளவுதான். ஆனா காய்ச்சிக் கிண்டி இறக்குறப்போ லேசா ஒரு பழுப்பு நிறம் வருதே, பால்லயும் இல்லாத சர்க்கரையிலயும் இல்லாத ஒரு வாசனை வருதே, அதை யார் போட்டா? யாரும் போடலை. சூட்டுல பாலோட புரதமும் சர்க்கரையும் ஒண்ணுக்கொண்ணு வினை புரிஞ்சு புதுசா உண்டானது அது.

மருந்துத் தொழிற்சாலையிலயும் இதே கதைதான். ஒரு மருந்து மூலக்கூறை ஒரே தாவுல செய்ய முடியாது. ஆறு, ஏழு படி ஏறணும். ஒவ்வொரு படியிலயும் கரைப்பான், வினையூக்கி, அமிலம், காரம்னு ஏதேதோ உள்ள போகும். வினை முடிஞ்சப்புறம் மிச்சம் மீதி, பக்க வினையில பொறந்தது, அலமாரியில இருக்கிறப்போ மருந்தே உடைஞ்சு வர்றதுன்னு பல பொருள் ரொம்ப ரொம்பச் சின்ன அளவுல மருந்தோட ஒட்டிக்கிட்டு வரும். யாரும் போடாத சாமான். ஆனா உள்ளே இருக்கும்.

பால்கோவாவுல அது ருசி. மாத்திரையில அது கசடு. பெரும்பாலான கசடு ஒண்ணும் செய்யாது. ஆனா ஒரு சில மூலக்கூறு நேரா நம்ம டி.என்.ஏ.வைப் போய்க் கட்டிப் பிடிச்சுக்கும். செல் பிரியுறப்போ அந்த இடத்துல எழுத்து மாறிப்போகும். அதுக்குப் பேர்தான் மரபணுப் பிறழ்வு. பல பிறழ்வு சேர்ந்தா புற்றுநோய் வரலாம். தலைவலி மாத்திரை எப்பவோ ஒண்ணு போடுறோம், சரி. பி.பி. மாத்திரையை முப்பது வருஷம் தினமும் போடுறவங்க இருக்காங்களே? நம்ம வீட்லயே இருக்காங்களே? அவங்களுக்கு இந்தச் சின்ன அளவு பெரிய விஷயம்.

பாக்டீரியாவுக்கு ஒரு பரிட்சை

ஒரு பொருள் பிறழ்வு உண்டாக்குமான்னு கண்டுபிடிக்க 1970-கள்ல அமெரிக்காவோட பெர்க்லி பல்கலைக்கழகத்துல புரூஸ் ஏம்ஸ் ஒரு அழகான பரிட்சையை உருவாக்கினார். ஹிஸ்டிடின்னு ஒரு அமினோ அமிலம். சாதாரண சால்மொனெல்லா பாக்டீரியா அதைத் தானே செஞ்சுக்கும். ஏம்ஸ் என்ன செஞ்சார்னா, அதைச் செஞ்சுக்கிற மரபணு கெட்டுப்போன பாக்டீரியாவாப் பாத்து எடுத்துக்கிட்டார். ஹிஸ்டிடின் இல்லாத தட்டுல அதைப் போட்டா வளராது, பட்டினியில கெடக்கும். இப்ப சந்தேகப்படுற பொருளைச் சேர்க்கணும். அது பிறழ்வு உண்டாக்குற பொருளா இருந்தா, கெட்டுப்போன மரபணு சில பாக்டீரியாவுல திரும்பச் சரியாகி, தட்டுல புள்ளி புள்ளியா வளர ஆரம்பிச்சிடும். புள்ளியை எண்ணு, பதிலைச் சொல்லு. கூடவே எலி ஈரலோட சாறும் சேர்ப்பாங்க. ஏன்னா சில பொருள் நம்ம ஈரல்ல போய் மாறினப்புறம்தான் விஷமாகும்.

அருமையான சோதனைதான். ஆனா ஒரு மருந்துக்குப் பத்து இருபது கசடு இருந்தா, ஒவ்வொண்ணையும் தனியாப் பிரிச்சு, சுத்தம் பண்ணி, தேவையான அளவு சேர்த்துச் சோதிக்கணும். பல கசடைப் பிரிச்சே எடுக்க முடியாது. அங்கதான் கம்ப்யூட்டர் உள்ளே வருது.

அடிப்படை யோசனை ரொம்ப எளிசு. பிறழ்வு உண்டாக்குற மூலக்கூறுகளை வரிசையா வச்சுப் பாத்தா சில உறுப்புகள் திரும்பத் திரும்பக் கண்ணுல படும். 1980-கள்ல ஜான் ஆஷ்பிங்கிற பிரிட்டிஷ் ஆய்வாளர் இந்த "எச்சரிக்கை உறுப்பு" எல்லாத்தையும் பட்டியல் போட்டார். மூணு அணு வளையமான எப்பாக்சைடு, நைட்ரோசோ, சிலவகை அமீன், ஆல்கைல் ஹாலைடு, இந்த மாதிரி. போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல போட்டோ ஒட்டி வச்சிருப்பாங்களே, அந்த மாதிரின்னு வச்சுக்கோங்க.

இப்ப இருக்கிற மென்பொருள் ரெண்டு வகை. ஒண்ணு, நிபுணர்கள் எழுதி வச்ச விதிப்படி நடக்குறது. "இந்த உறுப்பு இருந்தா ஆபத்து, பக்கத்துல இன்னது இருந்தா ஆபத்து இல்ல"ன்னு விதி. இங்கிலாந்துல லீட்ஸ் நகரத்து லாசா நிறுவனத்தோட டெரெக் இந்த வகை. இன்னொண்ணு, ஆயிரக்கணக்கான பழைய ஏம்ஸ் சோதனை முடிவைத் தின்னுட்டுப் புள்ளியியல் கணக்குல பதில் சொல்றது. அதே நிறுவனத்தோட சாரா இந்த வகை.

2014-ல வந்த ஐ.சி.எச். எம்7 வழிகாட்டி சொல்றது இதுதான்: இந்த ரெண்டு வகையிலயும் ஒவ்வொண்ணை வச்சுப் பாரு. ரெண்டுமே எச்சரிக்கை இல்லன்னு சொன்னா, அந்தக் கசடைச் சாதாரணக் கசடா வச்சுக்கலாம். சந்தேகம் இருந்தா ஒரு நிபுணர் உக்காந்து பாக்கட்டும். எச்சரிக்கை வந்தா ஏம்ஸ் சோதனை செய், இல்லன்னா ஒரு நாளைக்கு 1.5 மைக்ரோகிராமுக்குக் கீழ வை. அது என்ன கணக்கு? வாழ்நாள் முழுக்க அந்த அளவை எடுத்துக்கிட்டாலும் லட்சத்துல ஒருத்தருக்கு மேல கூடுதலாப் புற்றுநோய் வரக்கூடாதுங்கிற கணக்கு.

சத்திரப்பட்டி உதாரணம்

நம்ம ஊர்ப் பக்கமே ஒரு உதாரணம் இருக்கறப்போ எதுக்கு அமெரிக்கா போகணும்? ராஜபாளையத்துக்குப் பக்கத்துல சத்திரப்பட்டி. அந்தப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். அங்க நெய்யுற பேண்டேஜ் துணி வெளிநாடு வரைக்கும் போகுது.

பேண்டேஜ் துணி, காஸ் மாதிரிச் சாமானைக் கிருமி நீக்கம் பண்ண உலகம் முழுக்க எத்திலீன் ஆக்சைடு வாயு பயன்படுது. பாக்கெட்டுக்குள்ள இருக்கிறபடியே வாயு உள்ளே புகுந்து கிருமியைக் கொன்னுடும். எப்படிக் கொல்லுது? கிருமியோட டி.என்.ஏ.வையும் புரதத்தையும் கட்டிப் பிடிச்சுத்தான். நம்ம டி.என்.ஏ.வையும் விட்டு வைக்காது. 1994-ல சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் வகுப்புல வச்சது. அதாவது மனுசனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியானது. அதனாலதான் வாயு வச்சப்புறம் சரக்கைக் காத்தாட வச்சு, வாயு வெளியேறினப்புறம், மிச்சத்தை அளந்து பாத்துட்டு அனுப்பணும்னு விதி.

இந்த எத்திலீன் ஆக்சைடைப் படமா வரைஞ்சு மென்பொருள்கிட்ட கொடுங்க. மூணு அணு வளையத்தைப் பாத்த உடனே சிவப்பு விளக்கு. நூத்துக்கு நூறு. ஆனா கதை அங்க முடியலை. வெளுத்த துணியில குளோரைடு மிச்சம் இருந்தா, எத்திலீன் ஆக்சைடு அதோட சேர்ந்து எத்திலீன் குளோரோஹைட்ரின்னு ஒண்ணு உண்டாகும். யாரும் போடாத சாமான்! இதையும் மென்பொருள்கிட்ட கொடுத்தா, ஆல்கைல் ஹாலைடுன்னு எச்சரிக்கை கொடுக்கும். பாக்டீரியா சோதனையிலயும் இது பிறழ்வு காட்டுச்சு. ஆனா அமெரிக்காவுல எலி, சுண்டெலி தோல்ல ரெண்டு வருஷம் தடவிச் சோதிச்சுப் பாத்தப்போ புற்றுநோய் உண்டாக்கினதுக்கு ஆதாரம் கிடைக்கலை.

இதுல கவனிக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, எச்சரிக்கைன்னா தீர்ப்பு இல்ல. "இவனைக் கொஞ்சம் விசாரிங்க"ங்கிறது மட்டும்தான். ரெண்டு, குளோரோஹைட்ரினைப் பத்திப் பொட்டி தானா ஒரு வார்த்தை பேசாது. எத்திலீன் ஆக்சைடும் குளோரைடும் சந்திக்கும்னு ஒரு மனுசன் யோசிச்சு, "இது உண்டாகுமே, இதையும் பாரு"ன்னு வரைஞ்சு கொடுக்கணும். வெளுப்புல என்ன போட்டோம்னு அந்த யூனிட்ல வேலை பாக்கிற அண்ணாச்சிக்குத் தெரியும். பொட்டிக்குத் தெரியாது.

மூணு வழக்கு, ஒரே குத்தம்

இப்ப உலகத்தை உலுக்கின மூணு சம்பவத்தைப் பாப்போம்.

முதலாவது 2007. எய்ட்ஸ் நோயாளிகளுக்கான விராசெப்ட் மாத்திரையை ரோஷ் நிறுவனம் ஐரோப்பாவுல திரும்ப வாங்கிச்சு. உள்ளே இருந்தது எத்தில் மீதேன்சல்ஃபோனேட். யாரு இது தெரியுமா? பயிர் விதையில பிறழ்வு உண்டாக்கிப் புது ரகம் கண்டுபிடிக்க விவசாய விஞ்ஞானிகள் வேணும்னே பயன்படுத்துற சரக்கு! தொட்டியில மிச்சம் இருந்த எத்தனாலும் மீதேன்சல்ஃபோனிக் அமிலமும் சேர்ந்து உண்டானது. இதை முதல்ல காட்டிக் கொடுத்தது எந்த மென்பொருளும் இல்ல. மாத்திரையில ஏதோ நாத்தம் வருதுன்னு நோயாளிங்க புகார் சொன்னாங்க. மூக்கு! (பின்னாடி நடந்த ஆய்வுல, அந்த அளவுக்கு நோயாளிகளுக்குப் பாதிப்பு இருக்க வாய்ப்பில்லன்னு தெரிஞ்சது நிம்மதி.)

ரெண்டாவது 2018. வால்சார்ட்டன். கோடிக்கணக்கான பேர் போடுற பி.பி. மாத்திரை வகை. சீனாவோட செஜியாங் ஹுவாஹாய் நிறுவனம் 2012-ல செய்முறையை மாத்திச்சு. டைமெத்தில் ஃபார்மமைடுங்கிற கரைப்பான்ல வினையை நடத்தி, மிச்சம் இருக்கிற அசைடை அழிக்க சோடியம் நைட்ரைட்டைப் போட்டாங்க. கரைப்பான் கொஞ்சம் உடைஞ்சா டைமெத்தில் அமீன். அதோட நைட்ரைட் சேர்ந்தா என்.டி.எம்.ஏ. ஆறு வருஷம் கழிச்சு, 2018 ஜூலையில ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் மாத்திரையைத் திரும்ப வாங்கினாங்க. அடுத்த வருஷம் இந்தியாவுல தயாரான லொசார்ட்டனும் இதே குடும்பத்துக் கசடால அமெரிக்காவுல திரும்பப் பெறப்பட்டது.

மூணாவது 2019. ரானிடிடின். இதைக் கடைசியில தனியாப் பேசறேன்.

இப்ப என் கேள்வி. என்.டி.எம்.ஏ. என்ன புதுசாக் கண்டுபிடிச்ச மர்மப் பொருளா? 1956-லயே மேகீ, பார்ன்ஸ்ங்கிற ரெண்டு பேர் அது எலிக்கு ஈரல் புற்றுநோய் உண்டாக்கும்னு எழுதிட்டாங்க. 2014 எம்7 வழிகாட்டியிலயே நைட்ரோசோ குடும்பத்துக்குத் தனிப் பட்டியல் போட்டு, 1.5 மைக்ரோகிராம் சலுகைகூட இவனுக்குக் கிடையாதுன்னு எழுதி வச்சிருந்தாங்க. எந்த மென்பொருள்கிட்ட அந்தப் படத்தைக் காட்டியிருந்தாலும் சிவப்பு விளக்கு எரிஞ்சிருக்கும். பத்தாம் கிளாஸ் பையன் எழுதுற நிரல்கூடக் கண்டுபிடிச்சிருக்கும்.

ஆனா யாரும் காட்டலை. ஏன்னா அது உள்ளே உண்டாகும்னு யாரும் யோசிக்கலை. யோசிக்காததால பட்டியல்ல இல்ல. பட்டியல்ல இல்லாததால பொட்டிகிட்ட கேக்கலை. கேக்காததால பொட்டி சொல்லலை. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்!

அதான் சொல்றேன், கம்ப்யூட்டரைத் திட்டுற பெரிசுங்களுக்கும் இது பதில். இங்க தோத்தது பொட்டி இல்ல. "செய்முறையை மாத்துறோமே, நைட்ரைட் போடுறோமே, அமீன் இருந்தா என்ன ஆகும்?"னு ஒரு வேதியியல்காரர் கேக்க வேண்டிய ஒத்தைக் கேள்வி கேக்கப்படலை. வழிகாட்டி, மென்பொருள், ஆடிட், கையெழுத்து எல்லாம் இருந்தும்.

பொட்டிக்கும் கண்ணு மங்கும்

அப்ப பொட்டி சொல்றது எல்லாம் வேதவாக்கான்னா, அதுவும் இல்ல.

இந்த மென்பொருள் படிச்ச பாடம் பழைய ஏம்ஸ் சோதனை முடிவுகள். ஒரே பொருளை ரெண்டு லேப்ல சோதிச்சா நூத்துக்கு 85 தடவைதான் ஒரே பதில் வரும்னு பொதுவாச் சொல்றாங்க. வாத்தியாரே நூத்துக்கு 85-ன்னா பையன் நூத்துக்கு நூறு வாங்குறேன்னு சொன்னா நம்புவீங்களா? அப்புறம், சில நைட்ரோசமீன் வகையை வழக்கமான ஏம்ஸ் சோதனை கோட்டை விட்டுடும்னு கவலை வந்து, எலி ஈரல் சாறோட வெள்ளெலி ஈரல் சாறும் கூடுதலாச் சேர்த்துப் புது முறையில செய்யச் சொல்லிட்டாங்க. அப்போ பழைய முடிவை வச்சுப் படிச்ச பொட்டியும் அந்த இடத்துல கொஞ்சம் மங்கலாத்தான் பாக்கும்.

இன்னொண்ணு, அது படிக்காத மாதிரி ஒரு மூலக்கூறைக் கொடுத்தா நல்ல மென்பொருள் "இது என் எல்லைக்கு வெளியே"ன்னு நேர்மையாச் சொல்லிடும். இந்தக் குணம் நம்மள்ல பல பேருக்கு இல்ல :-) ஆனா அறிக்கை எழுதுற ஆள் அந்த வரியை நடு நடுவுல மறைச்சு, "எச்சரிக்கை எதுவும் இல்லை"ன்னு மட்டும் மேல எழுதினா? அதுக்கு மென்பொருள் என்ன செய்யும்? எச்சரிக்கை இல்லங்கிறதும் ஆபத்து இல்லங்கிறதும் ஒண்ணு இல்ல. நாய் குலைக்கலைன்னா திருடன் வரலைன்னும் அர்த்தம் இருக்கலாம், நாய் தூங்குதுன்னும் அர்த்தம் இருக்கலாம். ராஜபாளையத்துக்காரன் நாய் விஷயத்துல சொன்னா நம்பணும், ஆமா!

நல்ல மாற்றமும் நடந்திருக்கு. 2023-ல அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகள் நைட்ரோசமீனுக்குன்னு ஒரு மதிப்பெண் முறை கொண்டு வந்தாங்க. நைட்ரோசோவுக்குப் பக்கத்துக் கார்பன்ல எத்தனை ஹைட்ரஜன், சுத்தி என்ன உறுப்புன்னு எண்ணி, மார்க் போட்டு, அஞ்சு வகையாப் பிரிச்சு, ஒரு நாளைக்கு எவ்வளவு வரைக்கும் விடலாம்னு சொல்றது. பேப்பரும் பேனாவும் இருந்தாக் கல்லூரிப் பிள்ளைங்களே போடலாம். எனக்கு இது ரொம்பப் பிடிச்சது. ஏன்னா உள்ளே என்ன நடக்குதுன்னு கண்ணுக்குத் தெரியுது. தப்புன்னா எந்த வரியில தப்புன்னு சண்டை போடலாம்.

"எல்லாமே கெமிக்கல்" கட்சிக்கு

இதைப் படிச்சதும் "அதான் சொல்றோம், மாத்திரையே வேண்டாம், இயற்கைக்கு மாறுங்க"ன்னு ஒரு பின்னூட்டம் வரும். வரட்டும். எம்7 வழிகாட்டி நைட்ரோசோவோட ஒரே பட்டியல்ல வச்சிருக்கிற இன்னொரு ஆள் யாரு தெரியுமா? அஃப்ளடாக்சின் குடும்பம். பூசணம் பிடிச்ச நிலக்கடலையில தானா உண்டாகுறது. நூறு சதவீதம் இயற்கை! கடலையும் எண்ணெயும் வித்துப் பேர் வாங்கின விருதுநகர் மாவட்டத்துக்காரனுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். டி.என்.ஏ.வுக்கு இயற்கை, செயற்கைன்னு பேதம் தெரியாது.

அதுமட்டுமில்ல. 2018-ல அமெரிக்க எஃப்.டி.ஏ. ஒரு கணக்குச் சொன்னாங்க. கசடு கலந்த வால்சார்ட்டனை அதிகபட்ச அளவுல 8,000 பேர் தினமும் நாலு வருஷம் சாப்பிட்டிருந்தா, அவங்க வாழ்நாள்ல ஒரே ஒருத்தருக்குக் கூடுதலாப் புற்றுநோய் வரலாம்னு. அதே 8,000 பேர் பயந்துபோய் பி.பி. மாத்திரையை நிறுத்தியிருந்தா எத்தனை பேருக்குப் பக்கவாதம் வந்திருக்கும்? அதனால இந்தப் பதிவைப் படிச்சுட்டு யாரும் வீட்டுப் பெரியவங்க மாத்திரையில கை வைக்காதீங்க. சந்தேகம் இருந்தா டாக்டர்கிட்ட கேளுங்க.

நம்ம ஊரு வெயிலும் கேஸ் மாத்திரையும்

இப்ப ரானிடிடின். நம்ம ஊர் மெடிக்கல்ல "அண்ணே, ஒரு கேஸ் மாத்திரை"ன்னு கேட்டா பல வருஷமா எடுத்துக் கொடுத்த சரக்கு. 2019-ல வாலிஷூர்ங்கிற அமெரிக்கத் தனியார் ஆய்வகம் இதுல என்.டி.எம்.ஏ. இருக்குன்னு கிளப்பிவிட்டுச்சு. அவங்க சோதிச்ச முறையில சூடு அதிகம், சோதனையிலயே அது உண்டாகுதுன்னு எஃப்.டி.ஏ. சொல்லிச்சு. ஆனா அதோட விடலை. தாங்களே வேற முறையில சோதிச்சுப் பாத்துட்டு, 2020 ஏப்ரல்ல அமெரிக்கச் சந்தையில இருந்தே மொத்தமா எடுக்கச் சொல்லிட்டாங்க. காரணம்? இந்தக் கசடு வெளியில இருந்து வரலை. ரானிடிடின் மூலக்கூறே மெல்ல மெல்ல உடைஞ்சு அதை உண்டாக்குது. நாள் ஆக ஆகக் கூடுது. சூடு ஏற ஏற இன்னும் கூடுது.

இங்க நிறுத்தி யோசிங்க. மென்பொருளுக்கு மூலக்கூறுப் படம் மட்டும்தான் தெரியும். அந்த அட்டை சித்திரை மாசத்துல, தகரக் கூரை போட்ட குடோன்ல, கரண்ட் இல்லாத மத்தியானத்துல எத்தனை நாள் கெடந்துச்சுன்னு அதுக்குத் தெரியுமா? ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் மத்தியானம் ரெண்டு மணிக்கு நின்னு பாருங்க, நான் சொல்றது புரியும். லீட்ஸ்ல இருக்கிற பொட்டிக்கு நம்ம வெயில் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது நாம.

இந்தியாவுல 2022-ல அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருந்து ரானிடிடினை எடுத்தாங்க. விற்பனைக்குத் தடை போடலை. 2025 ஜூலையில, இதுல என்.டி.எம்.ஏ. அளவைத் தயாரிப்பாளர்கள் கண்காணிக்கணும்னு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாநிலங்களுக்கு எழுதிச்சு. அமெரிக்கா எடுத்து அஞ்சு வருஷம் கழிச்சு. அந்த அஞ்சு வருஷத்துல நம்ம ஊருக் கோடை எத்தனை வந்து போச்சு?

அதே 2025-ல இன்னொண்ணும் நடந்துச்சு. காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரான இருமல் மருந்தைக் குடிச்ச மத்தியப் பிரதேசத்துக் குழந்தைங்க இருபதுக்கும் மேல இறந்துபோனாங்க. டை எத்திலீன் கிளைக்கால். அது மரபணு சமாச்சாரம் இல்ல, சிறுநீரகத்தைக் கொல்ற விஷம். 1937-லயே அமெரிக்காவுல நூறு பேருக்கு மேல கொன்ன பழைய குற்றவாளி. அதைப் பிடிக்க எந்த ஏ.ஐ.யும் வேண்டாம். வாங்கின சரக்கைப் பயன்படுத்துறதுக்கு முன்னாடி ஒரு சோதனை போதும். நான் சொல்ல வர்றதும் அதேதான். பெரிய பெரிய கருவி வாங்கிட்டோம்ங்கிற தெம்புல, கேக்க வேண்டிய சின்னக் கேள்வியை மறந்துடறோம்.

அப்ப என்ன செய்யணும்ங்கிற?

குறை மட்டும் சொல்லிட்டுப் போனா நல்லா இருக்காதில்லையா, அதனால எனக்குத் தோணுறதைச் சொல்றேன்.

1. கணினிக் கணிப்பு வேணும். கண்டிப்பா வேணும். நூறு கசடுல எதை முதல்ல விசாரிக்கணும்னு அது சொல்றது பெரிய உதவி. எலியும் மிச்சம், நேரமும் மிச்சம்.

2. ஆனா அறிக்கையில "எதைக் கேட்டோம், பொட்டி என்ன சொல்லிச்சு"ங்கிறதோட, "எதையெல்லாம் கேக்கலை, ஏன் கேக்கலை"ங்கிறதையும் எழுத வைக்கணும். செய்முறையில ஒரு கரைப்பானை மாத்தினாக்கூடப் பட்டியலை முதல்ல இருந்து திரும்பப் போடணும். அதுக்குக் கீழ ஒரு மனுசனோட கையெழுத்து இருக்கணும். பொட்டி ஜெயிலுக்குப் போகாது.

3. நம்ம சுத்துவட்டாரத்துலயே வேதியியல், பார்மஸி, கம்ப்யூட்டர்னு எத்தனை கல்லூரிப் பிள்ளைங்க படிக்குறாங்க. டாக்ஸ்ட்ரீ, ஓ.இ.சி.டி. கியூசார் டூல்பாக்ஸ் எல்லாம் இலவசமாக் கிடைக்குது. வருஷா வருஷம் அதே நூலக மேலாண்மை ப்ராஜெக்ட்டைக் காப்பி அடிக்கிறதுக்குப் பதிலா, கெமிஸ்ட்ரி பிள்ளையும் கம்ப்யூட்டர் பிள்ளையும் சேர்ந்து, வெளுப்புல போடுற சாமான்ல இருந்து என்னென்ன உண்டாகலாம்னு ஒரு பட்டியல் போட்டு ஓட்டிப் பாக்கலாமே? அந்தப் பட்டியல் போடுறதுதான் படிப்பு. பட்டனைத் தட்டுறது கடைசி வேலை.

4. மருந்து வைக்கிற இடத்தோட வெப்பம். பெரிய கடையோ சின்னக் கடையோ, சுவத்துல ஒரு வெப்பமானி. அவ்வளவுதான் கேக்குறேன்.

பொட்டி தட்டுற மக்களே, உங்களுக்குத் தனியா ஒண்ணு. நீங்க நல்ல மாடல் செய்யுங்க, நூத்துக்கு 85-ஐ 95 ஆக்குங்க, கைதட்டுறேன். ஆனா அந்தப் பொட்டி முன்னாடி உக்காந்து, "இதுவும் உண்டாகுமோ?"ன்னு சந்தேகப்படுற ஒரு ஆளை வேலையை விட்டுத் தூக்கிட்டு அந்தச் சம்பளத்துல இன்னொரு சர்வர் வாங்கினா, அடுத்த வால்சார்ட்டனைக் கண்டுபிடிக்க மறுபடியும் நோயாளியோட மூக்கைத்தான் நம்பணும்.

மருந்துக் கம்பெனியில, சாயப்பட்டறையில, லேப்ல வேலை பாக்குற பதிவர்கள் யாராவது இருந்தா பின்னூட்டத்துல வந்து உங்க அனுபவத்தைச் சொல்லுங்க. நான் எழுதினதுல வேதியியல் இடிச்சாலும் தயங்காம இடிச்சுச் சொல்லுங்க. கும்மி அடிக்க வர்றவங்களும் வரலாம், ஆனா வர்றப்ப ஆளுக்கு ஒரு சந்தேகம் கொண்டு வாங்க.

டிஸ்கி: பால்கோவாவுல இருக்கிற பழுப்பைப் பத்திச் சொன்னதால யாரும் பால்கோவாவை ஒதுக்கிட வேண்டாம். அப்படி ஒதுக்குறவங்க ராஜபாளையத்துக்குப் பார்சல் அனுப்பி வச்சா, ஆய்வுக்கு எடுத்துக்கப்படும் :-)